திறமை ஆட்டம்தான், ஆபத்தும் அங்கேதான்

அரூர் வட்டாரத்தில் பணம் வைத்துச் சீட்டாட வேண்டுமென்றால் முதலில் ஓர் இடம் வேண்டும். மாந்தோப்போ, ஏரிக்கரையோ, ஆள் குடியில்லாத வீடோ. உட்கார ஒரு பாய், ஒரு கட்டுச் சீட்டு, ஜீப் சத்தம் கேட்டால் குரல் கொடுக்க ஓர் ஆள். போலீஸ் மடக்கிவிட்டால் மறுநாள் பேப்பரின் தருமபுரிப் பக்கத்தில் நாலு வரி வரும்: இத்தனை பேர் கைது, இவ்வளவு ரொக்கம், சீட்டுக்கட்டு பறிமுதல். 1930ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் இந்தக் காட்சியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அது தேடிப் போவது ஆட்டம் நடக்கிற இடத்தையும், அந்த இடத்தை நடத்திக் காசு பார்க்கிறவனையும். அரூர் பஸ் ஸ்டாண்டில் சேலம் வண்டிக்குக் காத்திருக்கிற ஒருவர் கைப்பேசியில் பதிமூணு சீட்டு ரம்மி ஆடினால் ஆட்டம் நடக்கிற இடம் எது? நடத்துகிறவர் எங்கே? எதைப் பறிமுதல் செய்வது? 2020இலிருந்து தமிழ்நாடு அரசு இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியது. நீதிமன்றத்தில் இரண்டு முறை சறுக்கியது. நேரில் ஆடுவதற்கும் ஆன்லைனில் ஆடுவதற்கும் வித்தியாசம் உண்டு என்று அரசு சொன்னது சரிதான். எது வித்தியாசம் என்று எடுத்து வைத்ததில்தான் கோளாறு.

சீட்டாட்டத்தை அளக்க இந்தியச் சட்டம் வைத்திருந்த முழக்கோல் ஒன்றே ஒன்று: ஜெயிப்பைத் தீர்மானிப்பது திறமையா, அதிர்ஷ்டமா? 1968இல் செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியையும் மூணு சீட்டையும் தனித்தனியாகப் பிரித்தது. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதைக் கையில் வைப்பது, எதைக் கழிப்பது என்று கணக்குப் போட வேண்டும் என்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை. மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம். அரை நூற்றாண்டு கழித்து ஆன்லைன் நிறுவனங்களுக்கு அந்தத் தீர்ப்பே கவசம் ஆயிற்று. 2020 நவம்பரில் ஆன்லைன் பண ஆட்டத்தைத் தடை செய்யத் தமிழ்நாடு கொண்டுவந்த அவசரச் சட்டத்தின் தொடர்ச்சியான 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தை, சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி தலைமையிலான அமர்வு 2021 ஆகஸ்ட் 3 அன்று ரத்து செய்தது. தமிழ்நாடு அரசு 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு போட்டது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அதில் இருந்தார். குழுவின் அறிக்கை, அவசரச் சட்டம், மசோதா, ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பியது, பேரவை மறுபடி நிறைவேற்றியது எல்லாம் முடிந்து 2023 ஏப்ரலில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. ரம்மி, போக்கர் இரண்டையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று அதன் அட்டவணையில் பெயர் சொல்லியே சேர்த்திருந்தார்கள். 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை நிற்க விட்டது. அட்டவணையில் இருந்த அந்த இரண்டு பெயரையும் செல்லாது என்றது. ஆன்லைன் ரம்மியும் போக்கரும் நேரில் ஆடுவதிலிருந்து மாறுபட்டவை என்று அரசு நிரூபிக்கவில்லை. சாஃப்ட்வேருக்குச் சீட்டு தெரியும், மனிதருக்குப் பதில் பாட் எனும் தானியங்கி நிரல் ஆடும் என்பதெல்லாம் ஆதாரம் காட்டாத அச்சங்கள் என்பது நீதிமன்றத்தின் கருத்து.

அரசின் வாதம் மோசடியை நம்பி நின்றது. மோசடி நடக்கிறது என்று காட்ட முடியாதபோது வாதமும் விழுந்தது. ஆனால் துளி மோசடி இல்லாமல், சீட்டு ஒழுங்காகக் கலைக்கப்பட்டு, எதிரே உண்மையான மனிதரே உட்கார்ந்திருந்தாலும் இந்த இரண்டு ஆட்டமும் ஒன்றாகாது. காரணம் வேகம். கேட்கச் சாதாரணமாக இருக்கும். கணக்குப் போட்டால் சாதாரணமில்லை. போக்கரையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டமில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. நாலு சுற்று பந்தயம். நேரில் ஒருவர் சீட்டைக் கலைத்து, போட்டு, சில்லுகளை எண்ணி, யோசிக்கிறவருக்காகக் காத்திருந்து ஆடினால் மணிக்கு 25, 30 ஆட்டம்தான் போகும். திரையில் ஒரு மேசையிலேயே அறுபது எழுபது போகும். கம்ப்யூட்டரில் ஆடிப் பழகியவர் ஒரே நேரத்தில் நாலு மேசை திறந்துவைப்பார். வாரம் ஒருநாள் நாலு மணி நேரம் நண்பர்களோடு உட்காருகிறவர் வாரத்துக்கு நூறு ஆட்டம், வருஷத்துக்கு 5,200 ஆட்டம் ஆடுகிறார். மேசைக்கு எழுபது வீதம் நாலு மேசையில் தினமும் மூன்று மணி நேரம் ஆடுகிறவர் அந்த 5,200ஐ ஏழாவது ராத்திரியில் தாண்டிவிடுவார். கைப்பேசியில் ஒரே மேசையோடு நிறுத்திக்கொள்கிறவருக்கும் 25 ராத்திரியில் ஒரு வருஷத்து ஆட்டம் தீர்ந்துபோகும்.

இந்த இடத்தில் ஆன்லைன் ஆட்டத்தின் ஆதரவாளர்கள் ஒரு வலுவான வாதம் வைப்பார்கள். ஆட்டங்களின் எண்ணிக்கை கூடக்கூட அதிர்ஷ்டத்தின் பங்கு தேய்ந்து திறமையின் பங்கு தெரியவரும். நூறு ஆட்டத்தில் யாரும் யாரையும் ஜெயிக்கலாம், லட்சம் ஆட்டத்தில் நன்றாக ஆடுகிறவர்தான் மேலே நிற்பார். ஆகவே வேகமான ஆன்லைன் ஆட்டம் நேர் ஆட்டத்தைவிட அதிகத் திறமை ஆட்டம் என்பார்கள். கணக்கு சரி. நான் சொல்ல வருவதும் அதே கணக்கின் மறுபக்கத்தைத்தான். போக்கரிலும் ரம்மியிலும் பணம் வேறெங்கிருந்தும் வருவதில்லை. ஒருவர் ஜெயிப்பது இன்னொருவர் தோற்பது. திறமை துலங்கும் என்றால் திறமைக் குறைவும் துலங்கும். பாயில் உட்கார்ந்து ஆடும் சுமாரான ஆட்டக்காரருக்கு அதிர்ஷ்டம் ஒரு பாதுகாப்பு. இந்த மாசம் விட்டதை அடுத்த மாசம் நல்ல சீட்டு விழுந்து பிடித்துவிடுவார். வருஷக் கடைசியில் பெரிதாகக் கெட்டிருக்க மாட்டார். ஆட்டம் பத்து மடங்கு இருபது மடங்கு வேகமாகும்போது அந்தப் பாதுகாப்பு பறிபோகிறது. அவர் தோற்க வேண்டிய தொகையைத் தவணையில்லாமல் தோற்றுத் தீர்க்கிறார். திறமை ஆட்டம் என்று நீதிமன்றத்தில் நிறுவனங்களைக் காப்பாற்றிய அதே குணம்தான் அரூரில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிறவரின் பர்ஸைக் காலி செய்தது. அரசு இதைச் சொல்லியிருக்கலாம். இது திறமை ஆட்டம் இல்லை என்று சாதிக்கவே பார்த்தது.

நடத்துகிறவர் எடுக்கும் பங்கையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கிளப்பானாலும் தளமானாலும் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து கமிஷன் போகும். ஒரு பேச்சுக்கு, ஆறு பேர் மேசையில் ஆட்டத்துக்கு நூறு ரூபாய் சேருகிறது, கமிஷன் ஐந்து ரூபாய் என்று வையுங்கள். மணிக்கு 25 ஆட்டம் என்றால் ஒருவர் பங்குக்குச் சுமார் 21 ரூபாய் போகும். ஒரு டீ, ஒரு வடை செலவு. அதே சதவீதத்தில் நாலு மேசையில் 280 ஆட்டம் ஆடினால் மணிக்கு 233 ரூபாய். ஆறு பேரும் சம திறமைக்காரர்களாக இருந்து, ஒருவரை ஒருவர் ஜெயிக்கவே முடியாமல் போனாலும் மூன்று மணி நேரத்தில் ஆளுக்கு எழுநூறு ரூபாய் மேசையை விட்டுப் போயிருக்கும். சதவீதம் மாறவில்லை, ஏமாற்று இல்லை, யாரும் பொய் சொல்லவில்லை.

பொறுமையின் விலையும் மாறிவிட்டது. ரம்மியில் கைக்கு வந்த பதிமூணு சீட்டும் தேறாது என்றால் ஆடாமலே ஸ்கூட் விடலாம்; இருபது புள்ளியோடு போகும். நடுவில் விட்டால் நாற்பது, கடைசிவரை நின்று மாட்டினால் எண்பது. புள்ளிக்கு ஒரு ரூபாய் மேசையில் ஸ்கூட் விட்டவர் இருபது ரூபாய் கொடுத்துவிட்டு மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில்தான் மனுஷனுக்குப் புத்தி திரும்பும்: மணி என்ன ஆச்சு, எவ்வளவு போச்சு, வீட்டில் தேடுவார்களே என்று தோன்றும். ஆன்லைன் வடிவமைப்பு குறிவைத்தது இந்த இடைவெளியை. 2010இல் ஃபுல் டில்ட் என்ற போக்கர் தளம் ரஷ் போக்கர் என்ற வகையை அறிமுகப்படுத்தியது; சீட்டைக் கீழே போட்ட அந்த நொடியே ஆட்டக்காரரை வேறொரு மேசைக்கு மாற்றிப் புதுச் சீட்டு கொடுத்துவிடும். மற்றத் தளங்களும் வெவ்வேறு பெயரில் அதைக் கொண்டுவந்தன. லாஸ் வேகஸின் இயந்திரச் சூதாட்டத்தைப் பல வருஷம் ஆராய்ந்த மானுடவியலாளர் நடாஷா டவ் ஷூல் 2012இல் வெளியிட்ட நூலில் சொல்வதும் இதை ஒட்டியதே. இடைவெளி இல்லாத தொடர்ச்சிதான் மனிதரைக் கட்டிப்போடுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அவர்கள் ஆடுவது ஜெயிப்பதற்காகக்கூட இல்லை, ஆடிக்கொண்டே இருப்பதற்காக.

எதிரே யார் என்ற கேள்விக்கு வருவோம். நேரில் முகம் தெரியும், கை நடுக்கம் தெரியும், பொய்யாகப் பந்தயம் ஏற்றுகிறவரின் தொண்டை அசைவு தெரியும் என்று போக்கர்க்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதைவிடப் பெரிய விஷயம், ஆள் யார் என்று தெரியும். இவர் வெல்ல மண்டிக்காரர், இவர் வாத்தியார், இவரோடு உட்கார்ந்தால் நாம் தேறமாட்டோம் என்று ஊரில் சொல்லிவிடுவார்கள். திரையில் எதிரே இருப்பது ஒரு புனைபெயர். அந்தப் புனைபெயர்க்காரரின் கம்ப்யூட்டரில், நீங்கள் இதுவரை ஆடிய ஆட்டங்களைப் பதிவுசெய்து, எத்தனை சதவீதம் துணிந்து இறங்குகிறீர்கள், எத்தனை சதவீதம் பயந்து விடுகிறீர்கள் என்று உங்கள் பெயருக்குப் பக்கத்திலேயே எண்ணாகக் காட்டும் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கலாம். உலக அளவில் பல தளங்கள் அதை அனுமதித்தன, சில தடுத்தன. உங்களுக்கு அவர் யாரென்றே தெரியாது. அவருக்கு நீங்கள் திறந்த புத்தகம். பாட் பற்றிய அச்சமும் வானத்திலிருந்து குதித்ததல்ல. 2019இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து உருவாக்கிய ப்ளூரிபஸ் என்ற நிரல், ஆறு பேர் ஆடும் ஹோல்டமில் முன்னணித் தொழில்முறை ஆட்டக்காரர்களை ஜெயித்தது. அதைப் பயிற்றுவிக்க ஆன கம்ப்யூட்டர் செலவு 150 டாலருக்கும் குறைவு. இந்தியத் தளங்களில் அப்படி ஒன்று ஆடியது என்பதற்கு இது சாட்சியாகாது. அந்த அளவில் நீதிமன்றம் சொன்னது நியாயம். ஆனால் ஆடவில்லை என்று ஆட்டக்காரர் தம் கண்ணால் பார்த்துக்கொள்ள வழியில்லை. தருமபுரிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தைச் சூது, துகில் வரை உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதில்லை. பந்தயப் பொருள் துரியோதனனுடையது, காய் உருட்டுவது சகுனி. ஒருவனுக்காக இன்னொருவன் ஆடுவது முறையா என்று வியாசரின் தருமன் ஒரு வார்த்தை கேட்கிறான். கேட்டுவிட்டு உட்கார்ந்தும் விடுகிறான். அவனுக்காவது ஆடுவது யாரென்று தெரிந்திருந்தது.

சீட்டுக் கலைப்பில் மட்டும் இயந்திரத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு கட்டை ஒழுங்காகக் கலைக்கக் குறைந்தது ஏழு முறை இரண்டாகப் பிரித்துச் சொருகிச் சேர்க்க வேண்டும் என்று டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். தோப்பில் யாரும் ஏழு முறை கலைப்பதில்லை. போன ஆட்டத்தில் சேர்ந்து கிடந்த சீட்டு அடுத்த ஆட்டத்திலும் ஒட்டிக்கொண்டே வரும். நல்ல கணினி நிரல் இதைவிட நேர்மையாகக் கலைக்கும். மோசமான நிரலோ வேறு மாதிரிக் கவிழ்க்கும். 52 சீட்டை அடுக்கும் வழிகளின் எண்ணிக்கையை எழுதினால் அது 68 இலக்கம். 1999இல் ஏஎஸ்எஃப் என்ற மென்பொருள் நிறுவனம் தன் கலைப்பு நேர்மையானது என்று காட்ட அதன் நிரலை வெளியிட்டது. அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் அதைப் படித்துவிட்டுச் சிரித்திருக்க வேண்டும். அந்த நிரல் கலைப்பைத் தொடங்க எடுத்துக்கொண்டது நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிவினாடிகளின் எண்ணிக்கையை. ஒரு நாளில் அவை 8.64 கோடிதான். சர்வரின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தையும் ஒத்துவைத்தபோது சுமார் இரண்டு லட்சம் சாத்தியங்களே மிஞ்சின. தம் கையில் இருந்த இரண்டு சீட்டும் நடுவில் திறந்த மூன்று சீட்டும் தெரிந்ததும், மற்ற எல்லோர் கையையும் அவர்களால் சொல்ல முடிந்தது. இதுவாவது அறியாமை. சில வருஷம் கழித்து அப்சலூட் போக்கர், அல்டிமேட்பெட் தளங்களில் நடந்தது அப்பட்டமான திருட்டு: மற்றவர்களின் மூடிய சீட்டைப் பார்க்கும் வசதியுள்ள கணக்குகளை வைத்து உள்ளாட்களே ஆடினார்கள். அதைக் கண்டுபிடித்தது தோற்ற ஆட்டக்காரர்கள், பழைய ஆட்டங்களின் பதிவுகளை வைத்து. தோப்பில் அடையாளம் வைத்த சீட்டால் ஏமாந்தவனிடம் அப்படிப் பதிவு எதுவும் இருக்காது. இந்த ஒரு வகையில் ஆன்லைன் மேல்.

நேர் ஆட்டத்துக்குப் புனித வேஷம் கட்டுவது என் நோக்கமில்லை. தோப்புச் சீட்டில் அடிதடி உண்டு. தோற்றவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மீட்டர் வட்டிக்குப் பணம் நீட்டுகிறவன் உண்டு. மோதிரமும் வண்டி ஆர்சி புத்தகமும் அங்கேயே கை மாறும். திருக்குறளில் சூதுக்கென்று ஓர் அதிகாரம் இருக்கிறது, கைப்பேசிக்குப் பல நூற்றாண்டு முன்னால். குடும்பம் அழிவதற்கு இன்டர்நெட் வேண்டியதில்லை. ஆனாலும் தோப்பில் அழிவதற்கு ஆள் மெனக்கெட வேண்டும். இடம் தேட வேண்டும், நாலு பேர் சேர வேண்டும், ரொக்கம் எடுத்துப் போக வேண்டும், ரொக்கம் தீர்ந்தால் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக் கடன் கேட்க வேண்டும், ஊர் பார்க்கும். போக்கருக்கோ இன்னும் தூரம்: பெங்களூரு கிளப்புக்கு அல்லது கோவா கேசினோவுக்குப் போயாக வேண்டும். அரூரில் அந்தப் பெயரையே கைப்பேசி வந்த பிறகு கேள்விப்பட்டவர்கள்தான் அதிகம். இந்த மெனக்கெடல் எல்லாம் சேர்ந்துதான் பிரேக். யூபிஐயில் பணம் போகும்போது நோட்டு எண்ணும் கை இல்லை, கடன் செயலியில் கேட்கும்போது பார்க்க ஒரு முகம் இல்லை, ராத்திரி இரண்டு மணிக்கும் மேசையில் ஆள் இருக்கும்.

வயது வந்தவர் தம் பணத்தைத் தம் இஷ்டப்படி செலவழிக்க அரசு யார் என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கேள்வி அற்பமானதில்லை. ஆன்லைனால் உயர்ந்தவர்களையும் காட்டுவார்கள். 2003இல் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் இணையத்தில் 86 டாலர் கட்டி ஒரு தகுதிப் போட்டியில் ஜெயித்து, அதன் வழியாக உலகப் போக்கர் தொடருக்குப் போய், 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் வாங்கினார். உலகமெங்கும் ஆன்லைன் போக்கர் பெருகியதற்கு அந்த ஒரு வெற்றி பெரிய காரணம். அன்று பரிசு தொடாமல் வெளியேறியவர்களை யாரும் விளம்பரத்தில் போடவில்லை. சுதந்திரம் என்ற வாதத்துக்கு நான் தரும் பதில் சின்னது: நிறுத்துவதற்கான வாய்ப்பு தன் போக்கில் வந்துகொண்டிருந்த ஆட்டத்தில் ஒருவர் தொடர்வது அவரது தேர்வு, அந்த வாய்ப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்த ஆட்டத்தில் ஒருவர் தொடர்வதை அதே பெயரால் அழைக்க முடியாது. கழற்றியதைத் திரும்ப மாட்டச் சொல்வது சுதந்திரத்தில் கைவைப்பது ஆகாது.

தமிழ்நாடு அதைத்தான் 2025 பிப்ரவரியில் செய்தது என்பது இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி. தடை நிற்காது என்று தெரிந்தபின், 2023 தீர்ப்பே திறந்துவிட்ட வழியில் போய், தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் விதிமுறைகள் வெளியிட்டது. நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணிவரை பண ஆட்டத்துக்குள் நுழைய முடியாது. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். 18 வயதுக்குக் கீழ் அனுமதியில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஆடினால் அரை மணிக்கு ஒருமுறை எச்சரிக்கை திரையில் வர வேண்டும். செலவுக்கு நாள், வார, மாத வரம்பு வைக்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் நேர் ஆட்டத்தில் இயல்பாக இருந்த ஒன்றின் செயற்கை நகல்: தோப்பில் இருட்டினால் ஆட்டம் கலையும், கிளப் ஷட்டர் இறங்கும், பையில் பணம் தீரும், யாராவது தோளைத் தொட்டு மணியாச்சு என்பார்கள். நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2025 ஜூன் 3 அன்று நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், கே.ராஜசேகர் அமர்வு விதிமுறைகள் செல்லும் என்றது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்விக்குள் போகாமலேயே கட்டுப்பாடு கொண்டுவர முடியும் என்பது அங்கே நிலைநின்றது. ஐந்து வருஷ வழக்குகளில் அரசுக்குக் கிடைத்த உருப்படியான வெற்றி இதுவே என்பது என் எண்ணம்.

அந்த விதிகள் வேலை செய்தனவா என்று பார்க்க அவகாசம் கிடைக்கவில்லை. 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும் 21 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமை ஆட்டமானாலும் அதிர்ஷ்ட ஆட்டமானாலும் ஆன்லைனில் பணம் வைத்து நடத்தக் கூடாது என்றது. நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு கோடி ரூபாய்வரை அபராதம். 45 கோடிப் பேர் பாதிக்கப்பட்டு 20,000 கோடி ரூபாய்க்கு மேல் இழந்திருக்கிறார்கள் என்ற மதிப்பீட்டை மத்திய அரசு முன்வைத்தது. அந்த வாரமே போக்கர்பாஸி, ரம்மிசர்க்கிள், ஜங்லி ரம்மி போன்றவை பண ஆட்டத்தை நிறுத்தின; சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. தடை போட்டால் ஆட்டக்காரர்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போவார்கள் என்ற எதிர்ப்பில் உண்மை இருக்கிறது. அங்கே ஆதார் கேட்க மாட்டார்கள், நள்ளிரவில் மூட மாட்டார்கள், ஜெயித்த பணம் வராவிட்டால் கேட்க ஆள் இருக்காது. ஆனால் அங்கே போவதற்கு மறுபடி கொஞ்சம் மெனக்கெட வேண்டும்: விளம்பரம் வழியில் நிற்காது, பணம் கட்ட நேர் பாதை இருக்காது, கூட ஆடுகிறவர்கள் குறைவு. மெனக்கெடலே பிரேக் என்று சொன்ன வாயால், இந்த மெனக்கெடலால் பயனே இல்லை என்று சொல்ல முடியாது. பிடிவாதமாகப் போகிறவரை அது தடுக்காது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது விளம்பரம் பார்த்துத் தட்டுகிறவரைத் தடுக்கும். எண்ணிக்கையில் இவர்கள்தான் அதிகம்.

ஒரு முரண்பாடு மட்டும் தீர்க்கப்படாமல் கிடக்கிறது. மத்தியச் சட்டம் ஆடுகிறவரைத் தண்டிப்பதில்லை, பாதிக்கப்பட்டவராகப் பார்க்கிறது. தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஆன்லைன் சூதாட்டம் ஆடுகிறவருக்கும் மூன்று மாதம்வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய்வரை அபராதமோ உண்டு. பணத்தை இழந்துவிட்டு, வெளிநாட்டுத் தளம் ஒன்று ஏமாற்றிவிட்டது என்று அரூர் காவல் நிலையத்துக்குப் புகார் எழுதிக்கொண்டு வருகிறவரை எந்தச் சட்டத்தின் கண்ணால் பார்ப்பது என்று அந்த மேசையில் இருக்கும் எஸ்.ஐ.க்கு யாராவது தெளிவாக எழுதிக் கொடுத்தாக வேண்டும்.